வசவுச் சுவர்

தொட்டவரத்துக் கடைவீதியில் பழைய லாட்ஜ் கட்டடத்தின் மேற்குச் சுவர் சுட ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தது நகராட்சியும் இல்லை, மாடியில் மெஷின் வைத்திருந்த கம்பெனியும் இல்லை, தெருநாய்கள்தான். கார்த்திகை மாசத்து ஈரக் குளிரில் ஊரிலிருந்த நாய்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல அந்தச் சுவரோரம் வந்து முதுகைச் சாய்த்துப் படுக்க, அப்பளக்காரி சாக்கம்மா போய்க் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், மழையால் காயாமல் கிடந்த அப்பளங்களை வேட்டித் துணியில் பரப்பி நாய்களைத் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அப்பளம் காய்ந்துவிட்டது. மறுநாள் நாலு வீட்டுத் துணி அங்கே காய்ந்தது, அதற்கு மறுநாள் டீக்கடைக்காரர் பால் குண்டானைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு காஸ் அடுப்பை அணைத்தார்.

இந்த ஊரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. தொட்டவரம் மூன்று மாநிலம் முட்டிக்கொள்கிற இடத்தில் இருக்கிறது. தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, உருதில் சலித்துக்கொண்டு, கன்னடத்தில் வாங்காமல் திரும்பிப் போகிற ஊர். நாலு மொழிக்கும் பொதுவாக ஒரு பழக்கம் உண்டு, இங்கே யாரும் எதையும் திட்டாமல் கேட்க மாட்டார்கள். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது 'வந்து கொட்டிக்கோடா, பாழாப்போனவனே' என்றுதான். வாசலுக்கு வந்த சம்பந்திக்கு வரவேற்பு 'ஏன்யா இவ்ளோ நேரம், வழியிலயே செத்துட்டியா?' என்றுதான். மரியாதையாகப் பேசினால்தான் பயம் வரும். பெண்டாட்டி ஒருநாள் 'சாப்பிட வாங்க' என்று சொல்லிவிட்டால் புருஷன் தட்டில் கை வைக்காமல், என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

இப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான் நகராட்சி 'தேன்மொழி'யைக் கொண்டுவந்தது. குழாய், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, எதுவானாலும் ஒரே நம்பர். நாலு மொழியில் எதில் பேசினாலும் அதே மொழியில் பதில் சொல்லி, குறையைத் தமிழாக்கி, உரிய அதிகாரியின் போனுக்கு அனுப்பிவிடும் பேசும் மெஷின். அதற்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்க மாடியில் ஏழெட்டுப் பேரை உட்காரவைத்திருந்தார்கள். காதில் ஹெட்போன், எதிரில் கம்ப்யூட்டர். ஊர்க்காரர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு, இது கோரிக்கை, இது விசாரணை, இது நன்றி, இது இரைச்சல் என்று முத்திரை குத்துவது வேலை. இரைச்சல் என்று குத்தியதை மெஷின் காதில் வாங்காது.

அங்கே உட்கார்ந்தவர்களில் ஒருத்தி நாகவேணி, கோட்டைத் தெருக்காரி. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், தெருவில் உருது, அப்பாவின் மளிகைக் கடையில் கன்னடம். நாலு மொழியிலும் சண்டை போடத் தெரிந்தவள் என்பதற்காகவே அவளை வேலைக்கு எடுத்தார்கள். எடுத்த பிறகு கொடுத்த வேலையோ, நாலு மொழியிலும் சண்டையைப் பொறுக்கி வெளியே எறிவது.

"திட்டு இருந்தா இரைச்சல்னு போட்ருங்க மேம்," என்றார் மேனேஜர் கோகுல்நாத். சென்னையிலிருந்து வந்தவர், கொசுவைக்கூட 'எக்ஸ்க்யூஸ் மீ' சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். "மெஷின் மரியாதையான பேச்சை மட்டும்தான் கத்துக்கணும்."

"சார், எங்க ஊர்ல திட்டுதான் சார் பேச்சே. திட்டை எடுத்துட்டா மிச்சம் இருமல்தான் இருக்கும்."

"அப்போ ஊரு மாறட்டும் மேம்," என்று சிரித்தார். சிரித்த வாயில் ஒரு குத்து விட்டிருக்கலாம், என்ன செய்வது, சம்பளம் கொடுக்கிற வாய்.

ஆக, தேன்மொழி நன்றாகவே பாடம் படித்தது. யாராவது போனில் 'உங்க தலையில இடி விழ' என்று ஆரம்பித்தால் போதும், மீதியைக் கேட்காமல் தேனைக் குழைத்த குரலில், 'உங்கள் மனவருத்தம் எங்களுக்குப் புரிகிறது, நிதானமானதும் மீண்டும் அழையுங்கள்' என்று அவரவர் மொழியில் சொல்லிவிட்டு, பேசி முடிக்கிறவரை பதிவை மட்டும் ஓடவிட்டு இரைச்சலில் தள்ளிவிடும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! ஊரோ திட்டாமல் பேச அறியாத ஊர், மெஷினோ திட்டினால் கேட்க அறியாத மெஷின். தொட்டவரத்திலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்று தேன்மொழி மாசாமாசம் அறிக்கை கொடுக்க, 'குறையே இல்லாத நகராட்சி' என்று மேலிடத்திலிருந்து ஒரு கேடயம் வந்து தலைவர் அறையில் உட்கார்ந்துகொண்டது. அந்த மாசத்தில்தான் சுவர் சுட ஆரம்பித்தது.

எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மெயினைப் பிடுங்கிப் பார்த்தார்கள், சுட்டது. மழை பெய்து பார்த்தது, சுட்டது. காரணம் தெரிந்தது டீக்கடையில்தான். குப்பை அள்ளாததற்காக ஒருத்தர் அங்கே நின்றபடி தேன்மொழிக்குப் போன் போட்டு ஏழு தலைமுறையை இழுத்துத் திட்ட, திட்டி முடிக்கும் முன்னால் சுவர் சுர்ரென்று சூடேறி, சாக்கம்மா காயப் போட்டிருந்த அப்பளம் எண்ணெய் இல்லாமலே பொரிந்துவிட்டது. கேட்காத வசவு எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும், சுவருக்குள் போகிறது என்று ஊர் புரிந்துகொண்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. 'அட, உபயோகமாத்தான் இருக்கு' என்றார்கள்.

எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்பார்கள் அல்லவா, ஊரே பிடுங்க ஆரம்பித்தது. தமிழ் வசவு பட்டென்று பற்றிப் பட்டென்று தணியும், தோசைக்கு நல்லது. தெலுங்கு நின்று எரியும், சோறு வடிக்கலாம். கன்னடத்தில் இளஞ்சூடு, துணி காயவும் பால் உறையவும் போதும். உருதுச் சூடு சாம்பல் மூடிய கங்கு மாதிரி, தம் போட அதுபோல வராது என்று பிரியாணி மாஸ்டர் கதீஜா கண்டுபிடித்தபின், கல்யாணச் சமையலெல்லாம் சுவருக்கு வந்துவிட்டது. விசேஷக்காரர்கள் வாய் நல்ல வாயாகப் பார்த்துக் கையோடு கூட்டிவந்து, போனைக் கொடுத்துத் திட்டச் சொன்னார்கள். சுவர் ஆறினால், 'யாராவது கூப்பிட்டுத் திட்டுங்கப்பா, குழம்பு கொதிக்கலை' என்று ஒரு குரல் எழும். தலைவர் சும்மா இருப்பாரா? தகர ஷெட் போட்டு, 'மக்கள் அடுப்பு' என்று போர்டு மாட்டி, போர்டில் தன் முகத்தை அடுப்பைவிடப் பெரிசாகப் போட்டுக்கொண்டார். திட்டு வாங்க வேண்டிய மூஞ்சி திறப்பு விழாவில் மாலை வாங்கியது.

எதற்காகத் திட்ட ஆரம்பித்தோம் என்பதை ஊர் மறந்தே போனது. குழாய் மறக்கவில்லை. கோட்டைத் தெருக் குழாயில் தண்ணீர் முதலில் நாறியது, பிறகு மஞ்சளாக வந்தது, பிறகு நுரையோடு வந்தது. பூமிக்கடியில் எங்கேயோ சாக்கடை கலக்கிறது. காய்ச்சித்தான் குடித்தார்கள், ஆனால் வாய் கொப்பளிக்கிற தண்ணீரை யார் காய்ச்சுகிறார்கள், தட்டு கழுவுகிற தண்ணீரை யார் காய்ச்சுகிறார்கள்? தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் காமாலையில் படுத்தார்கள். நாகவேணியின் வீட்டில் அவள் தங்கை மஞ்சுளா இருந்தாள், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வழியில். மஞ்சுளாவுக்கு ஊரிலேயே நீளமான நாக்கு. அக்காளை 'எருமை' என்றுதான் கூப்பிடுவாள், வயிற்றுப் பிள்ளையைக்கூட 'உதைக்காதடா நாயே' என்று கொஞ்சுவாள்.

மாசி பிறந்ததும் சாக்கம்மாவின் மருமகள் சுகுணா செத்துப்போனாள். அவளும் பிள்ளைத்தாய்ச்சி, அதே தெரு, அதே தண்ணீர், அதே காமாலை. உள்ளே இருந்த பிள்ளையும் போய்விட்டது. சாக்கம்மா தலைவிரிகோலமாகப் போனை எடுத்துத் தேன்மொழியைத் திட்டிய திட்டில் சுவர் செங்கல் சூளைபோலக் கனிந்தது. கேதத்துக்கு வந்த கூட்டத்துக்கு அந்தச் சூட்டில்தான் காப்பி போட்டார்கள். செத்தவளுக்கான ஆத்திரத்தில் காப்பி! நாகவேணியும் ஒரு டம்ளர் கையில் வாங்கிவிட்டாள், வாங்கியபிறகுதான் புரிந்தது, அப்படியே கீழே ஊற்றிவிட்டு, தேன்மொழிக்கும் மரியாதையாக ஒரு புகார் சொல்லிவிட்டு, நேரே நகராட்சிக்கு நடந்தாள்.

இன்ஜினீயர் நல்ல மனுஷன் மாதிரிதான் உட்காரச் சொன்னார். நாகவேணியும் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகவே பேசினாள், தங்கை வயிற்றோடு இருக்கிறாள் சார், பைப்பைத் தோண்டிப் பாருங்கள் சார் என்று.

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். "கோட்டைத் தெருவுல இருந்து ஒரே ஒரு புகார் வந்திருக்கும்மா. அதுவும் நீங்க பண்ணினதுதான். வேற யாருமே பேசலையே. ஒரு வீட்டுக்காக மெயின் ரோட்டை உடைக்க முடியுமா?"

"தெருவே பேசுச்சு சார். நான் காதால கேட்டேன்."

"ரிப்போர்ட்ல இல்லையேம்மா. நீங்கதானே அந்த ரிப்போர்ட்டே தயார் பண்றீங்க?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வீட்டுக்கு வந்தாள். மஞ்சுளா பாயில் படுத்திருந்தாள், கண் மஞ்சளாக இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா, "பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தக் காமாலை வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து, சொல்லிட்டேன்," என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். அதுகூட நாகவேணிக்குப் பெரிசாகத் தோன்றவில்லை. மஞ்சுளா அவளைப் பார்த்து, யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல, "வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் பாருங்கள், அப்போதுதான் நர்ஸைத் தேடி ஓடினாள். நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். நர்ஸ் சொல்லவா வேண்டும், தொட்டவரத்துப் பெண் மரியாதையாகப் பேசினால் அவள் பாதி வழி போய்விட்டாள் என்றுதானே அர்த்தம்.

புருஷன்காரன் லாரியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவந்து மஞ்சுளா பக்கத்தில் உட்கார்ந்ததும், நாகவேணி தெருவுக்குப் போனாள். வீடு வீடாக நின்றாள். இந்த ஒரு தடவை மரியாதையாகக் கேளுங்கள், கெஞ்சிக் கேளுங்கள், அப்போதுதான் மெஷின் பதிவு செய்யும் என்றாள். கதீஜா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். மறுநாள் அந்தத் தெருவிலேயே ஒரு நிக்காஹ், மூன்று அண்டா பிரியாணி அவள் தலையில் இருந்தது.

"என்ன நாகா, பைத்தியமா உனக்கு? நாளைக்குச் சூடு வேணும், எல்லாரையும் நல்லா திட்டச் சொல்லியிருக்கேன். நீ வந்து கெஞ்சச் சொல்றே."

"ஆபா, சோறு முக்கியமா, தண்ணி முக்கியமா?" கதீஜாவைத் தெருவே அக்காள் முறை வைத்து ஆபா என்றுதான் கூப்பிடும்.

கதீஜாவுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "தண்ணிதான்டி முக்கியம். நம்ம தண்ணி! நம்ம வீட்டுக் குழாய்! அதுல மலத்தைக் கலந்து விட்டுட்டு, நாம கைகட்டி நின்னு, ஐயா சாமின்னு கெஞ்சணுமா? எந்தக் கட்டையில போறவன் சொன்னான்? திட்டினாக் காது கேக்காதுன்னா அது யாரு காதுடி? யாரு வச்ச காது?"

அந்தக் காதை முத்திரை குத்திக் குத்தி வைத்தவர்களில் நாகவேணியும் ஒருத்தி. ஊரைப் பார்த்துப் பேச்சை மாற்று என்று சொல்ல வந்தோமே, கோகுல்நாத் சொன்னதைத்தானே நாமும் சொன்னோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலையில் மேனேஜர் வருவதற்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். இரைச்சல் என்று ஒதுக்கிய குரல்களெல்லாம் ஒரு குவியலாக அழிக்கப்படக் காத்துக் கிடந்தன. ஹெட்போனை மாட்டி முதல் குரலைத் தட்டினாள், சாக்கம்மா. 'உன் கை அழுகிப்போக, உன் வம்சம் நாக்கு வறண்டு சாக, என் மருமக போயிட்டாடா, இனிமே ஒருத்தி போகக்கூடாது, அந்தப் பைப்பைத் தோண்டுங்கடா.' வசவு முன்னால் இருந்தது, கோரிக்கை பின்னால் இருந்தது. இத்தனை நாளும் முன்னால் வந்ததைக் கேட்டுப் பின்னால் வந்ததைக் கொன்றிருக்கிறார்கள். இரைச்சல் என்ற முத்திரையைப் பிடுங்கிவிட்டுக் கோரிக்கை என்று குத்தினாள்; அடுத்தது, கோரிக்கை; அதற்கடுத்தது, கோரிக்கை; தெலுங்கில் வயிறெரிந்ததும் கோரிக்கை, உருதில் சபித்ததும் கோரிக்கை, கன்னடத்தில் அழுதுகொண்டே காறித் துப்பியதும் கோரிக்கை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் அவள் திரையை எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் இந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறவர்கள்தானே, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், அவரவர் கம்ப்யூட்டரில் அதையே செய்ய ஆரம்பித்தார்கள்.

பதினோரு மணிக்கு வந்த கோகுல்நாத் வெலவெலத்துப் போனார். "என்ன மேம் பண்றீங்க? மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"என்னைத் திட்டச் சொல்லுங்க சார். நான் கேட்டுக்கறேன்," என்றாள்.

அதற்குள் தேன்மொழி புதுப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டது. கீழே சுவர் ஆறியது. மெதுவாக அல்ல, யாரோ ஊதி அணைத்ததுபோல ஒரே மூச்சில் ஆறியது. தம்மில் இருந்த மூன்று அண்டாவும் அப்படியே நின்றன. மூடியைத் திறந்தால் அரிசி அரைவேக்காடு, கறி விறைப்பு. உடனே நாலைந்து பேர் போனை எடுத்துத் திட்டினார்கள், வழக்கத்தைவிட அதிகமாகவே திட்டினார்கள். தேன்மொழி முழுசாகக் கேட்டுக்கொண்டு, 'உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டது' என்றது. சுவர் சில்லென்றே இருந்தது.

ஊர் மாடியேறி வந்தது. மாப்பிள்ளை வீட்டார், டீக்கடைக்காரர், கரண்டியோடு கதீஜா. சாக்கம்மா மட்டும் பின்னால் ஒன்றும் பேசாமல் வந்தாள். நாகவேணியை நாலு மொழியில் நாறடித்தார்கள். கல்யாணத்தைக் கெடுத்த மூதேவி, தெருவின் வயிற்றில் மண்ணைப் போட்டவள், உன் கையில் கட்டை முளைக்க. அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டாள். காது வழியாக இறங்கி நெஞ்சில் சுட்டது, சுடட்டும் என்று நின்றாள்.

"முடிஞ்சுதா? இந்தச் சூடு ஆறக்கூடாது. அப்படியே என்கூட வாங்க," என்று படியிறங்கினாள்.

சண்டையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத ஊர், திட்டிக்கொண்டே அவள் பின்னால் போனது. கதீஜாவும் இன்னொருத்தியும் அண்டாவைத் தூக்கிக்கொண்டார்கள். நகராட்சி ஆபீஸில் இன்ஜினீயர் எழுந்து நின்றிருந்தார். மேஜையில் போன் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது, அதே தேன் குழைத்த குரலில், அழகான தமிழில்: 'வணக்கம். கோட்டைத் தெருவிலிருந்து ஒரு கோரிக்கை. உங்கள் வீட்டில் இடி விழ. எங்கள் குழாயில் சாக்கடை வருகிறது. வணக்கம். கோட்டைத் தெருவிலிருந்து ஒரு கோரிக்கை. நீங்கள் பாடையில் போக. என் பிள்ளைக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. வணக்கம்...' ஐப்பசியிலிருந்து சேர்ந்தது, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

இன்ஜினீயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், கேட்ட வாயைத் தைக்க வேண்டாமா! "இத்தனை கஷ்டம் இருந்தா, ஏன்மா யாரும் முன்னாடியே சொல்லலை?"

கதீஜா அண்டாவிலிருந்து ஒரு கரண்டி அரைவேக்காட்டுச் சோற்றை அள்ளி, அவர் மேஜைக் கண்ணாடிமேல் கொட்டினாள்.

"சொன்னோம்டா. மாசக்கணக்கா சொன்னோம். சொன்னதுலதான்டா இந்த ஊரு சோறு வெந்துச்சு. நாங்களும் முட்டாளுங்க, உக்காந்து தின்னோம்."

பிறகு சாக்கம்மா முன்னால் வந்தாள். அவள் திட்டவில்லை. கையைக் கூப்பி, "ஐயா, என் மருமக செத்துட்டாங்க," என்றாள், அவ்வளவு மரியாதையாக. தொட்டவரத்துக்காரர்கள் அத்தனை பேரும் நடுங்கிவிட்டார்கள், இன்ஜினீயருக்குக்கூட அந்த மரியாதை புரிந்திருக்க வேண்டும், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே ரோட்டை உடைத்தார்கள். தெருவே சுற்றி நின்று திட்டிக்கொண்டிருக்க, ஆளுயரக் குழிக்குள் துருப்பிடித்து வாய்பிளந்த குடிநீர்ப் பைப்பின்மேல் சாக்கடைப் பைப் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜாயிண்ட், அவ்வளவுதான். ஒரு ஜாயிண்டுக்காக ஒருத்தியும் அவள் பிள்ளையும். பைப்பை மாற்றி, லாரியில் நல்ல தண்ணீர் விட்டார்கள். கல்யாண வீட்டார் விறகு வாங்கிவந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறாக்கினார்கள். கேடயம் தலைவர் அறையிலிருந்து எங்கேயோ போய்விட்டது, ஷெட் மட்டும் இன்னும் இருக்கிறது, நாய்கள்கூட அங்கே படுப்பதில்லை. நாகவேணிக்கு வேலை போனது. சுவர் திரும்பச் சுடாதா என்று ரகசியமாக வந்து கேட்கிறவர்கள் இப்போதும் உண்டு, அவர்களுக்கு அவள் கொடுக்கிற பதிலை இங்கே எழுத முடியாது.

மஞ்சுளாவுக்கு நாள் முந்தியே பிள்ளை பிறந்தது, உள்ளங்கை அகலம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய்தான் கண் திறக்கவில்லை. எப்போதாவது திறந்தாலும் சுவரைப் பார்த்து 'நன்றிங்க, பரவாயில்லைங்க' என்று முனகிவிட்டு மூடிக்கொள்வாள். நாகவேணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டைத் துடைத்தாள், டாக்டரைத் திட்டினாள், நர்ஸைத் திட்டினாள், இரண்டு பேரும் இந்த ஊர்ப் பக்கம்தான் என்பதால் கோபித்துக்கொள்ளாமல் வேலையைப் பார்த்தார்கள்.

ஒரு மத்தியானம், வார்டில் சாப்பாட்டு வண்டி உருளுகிற சத்தத்துக்கு மஞ்சுளா கண்ணைத் திறந்தாள். அக்காளையே வெகுநேரம் பார்த்தாள். 'வாங்க' என்று சொல்லிவிடாதே தாயே, 'உட்காருங்க' என்று சொல்லிவிடாதே என்று நாகவேணி உள்ளுக்குள் மன்றாடினாள்.

மஞ்சுளாவின் காய்ந்த உதடு பிரிந்தது. "எருமை," என்றாள். "தொண்டை வறண்டு சாகறேன், பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே. தண்ணி குடுடி, நாசமாப் போறவளே."

நாகவேணி ஓவென்று அழுதபடி எழுந்தாள். எழுந்தவள், பழக்கதோஷத்தில், கட்டிலை ஒட்டியிருந்த ஆஸ்பத்திரிச் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.